முளைக்காத பல், வியர்க்காத உடல்

திருச்சியில் சித்திரை பிறந்துவிட்டால் குழந்தை மருத்துவர்களின் வாசலில் காய்ச்சல் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். மிக அரிதாக, அவர்களில் ஒரு பிள்ளையின் காய்ச்சல் மட்டும் எந்தக் கணக்கிலும் அடங்காது. சளி, இருமல், பேதி எதுவும் இருக்காது. இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாது. பாராசிட்டமால் கொடுத்தால் சூடு இறங்காது. ஈரத் துணியைச் சுற்றி மின்விசிறிக்குக் கீழே கிடத்தினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். மறுநாள் உச்சிவெயிலில் திரும்ப வரும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இந்தக் காய்ச்சல் தலைகாட்டுவதே இல்லை.

அந்தப் பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டு வயதை நெருங்கியும் பல் ஒன்றிரண்டுதான் இருக்கும். இருக்கிற பல்லும் முனை கூர்ந்து கூம்பு வடிவில் இருக்கும். தலைமுடி மெல்லியதாகவும் வெளிறியும் இருக்கும்; புருவத்தைத் தேட வேண்டும். வெயிலில் ஓடியாடினாலும் நெற்றியில் ஒரு துளி வியர்வை அரும்பாது.

வீட்டில் இவற்றைத் தனித்தனிக் குறைகளாகவே எடுத்துக்கொள்வார்கள். காய்ச்சலுக்கு ஒரு மருத்துவர், பல்லுக்கு இன்னொருவர், முடிக்குக் காய்ச்சிய எண்ணெய். ‘உன் மாமாவுக்கும் பல் தாமதமாகத்தான் முளைத்தது’ என்று பாட்டி ஆறுதல் சொல்வார். அந்த ஆறுதலிலும் ஒரு தடயம் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில், பல்லும் முடியும் வியர்வையும் ஏன் ஒன்றாகக் கெடுகின்றன? இவை மூன்றும் கருவில் உருவாவதற்கு ஒரே வகைச் செய்தி தேவைப்படுகிறது. அந்தச் செய்தியைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பியோ, கிருமிகளோடு சண்டையிடும் நோய் எதிர்ப்பு ஏற்பிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் பல்லைக் கட்டியதில் பெரிய பங்கு இந்த எதிர்ப்புக் கருவிகளுக்கு உண்டு என்பதைப் பல் மருத்துவர்கள் தவிர மற்றவர்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஏற்பி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். நம் உடலில் ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் செய்தி சொல்ல வேண்டுமானால் ஒரு புரதத்தை வெளியே விடும். அடுத்த செல்லின் மேற்பரப்பில், அந்தப் புரதம் மட்டும் வந்து ஒட்டக்கூடிய வேறொரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஏற்பி. செய்திப் புரதம் வந்து ஒட்டியதும் ஏற்பியின் உட்பக்க வால் செல்லுக்குள் இருக்கும் சில புரதங்களை வரிசையாகத் தூண்டிவிடும். கடைசியில் செய்தி உட்கருவை அடைந்து, அதுவரை சும்மா இருந்த சில மரபணுக்கள் வேலையைத் தொடங்கும்.

இப்படிப்பட்ட செய்திப் புரதங்களில் டிஎன்எஃப் பேர்போனது. கிருமி நுழைந்ததும் அழற்சியைக் கிளப்புவது அதன் வேலை. முடக்குவாதத்துக்கு இன்று போடப்படும் விலையுயர்ந்த ஊசிகளில் சில இதைத் தடுப்பவைதான். டிஎன்எஃப் ஒட்டும் ஏற்பியின் அமைப்பை ஒத்த ஏற்பிகள் மனித உடலில் ஏறத்தாழ 30 இருக்கின்றன. பெரும்பாலானவை வெள்ளணுக்களில் காவல் வேலை பார்க்கின்றன. ஆனால் இந்தக் குடும்பத்தில் பிறந்த இரண்டு ஏற்பிகள் பல்லின் கதையில் முக்கியமானவை. ஒன்று ஈடார், பல் முளையின் வடிவத்தையும் எண்ணிக்கையையும் தீர்மானிப்பதில் அதற்குப் பங்கு உண்டு. மற்றது ராங்க், உருவான பல் எலும்பைத் துளைத்து வெளியே வர அது வேண்டும்.

இந்த ஏற்பிகள் எல்லாம் செல்லுக்குள் கடைசியாகத் தட்டி எழுப்புவது பெரும்பாலும் ஒரே புரதத்தைத்தான்: என்எஃப் கப்பா பி. 1986-இல் அமெரிக்காவில் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் இதை, எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்களில் கண்டுபிடித்தார்கள். எனவே பல ஆண்டுகள் இது நோய் எதிர்ப்புத் துறையின் சொத்தாகவே கருதப்பட்டது. பல்லிலும் அது இருக்கிறது என்று தெரிந்தபோது, காவல்காரனுக்குக் கட்டட வேலையில் என்ன பங்கு என்ற கேள்வி எழுந்தது.

பொன்மலை ரயில்வே பணிமனையின் சங்கை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. காலையில் குறித்த நேரத்தில் அது ஊதினால் தொழிலாளர்கள் வேலைக்குக் கிளம்புவார்கள். அதே சங்கு நேரம் கெட்ட நேரத்தில் விட்டுவிட்டு ஊதினால் ஏதோ விபத்து என்று எல்லோரும் ஓடுவார்கள். சங்கு ஒன்றுதான். எப்போது ஊதுகிறது, யார் காதில் விழுகிறது என்பதைப் பொறுத்து அடுத்து நடப்பது மாறுகிறது. வெள்ளணுவுக்குள் என்எஃப் கப்பா பி விழித்தால் அழற்சிக்கான மரபணுக்கள் இயங்கும். கருவின் தாடையில் இருக்கும் ஒரு செல்லில் விழித்தால் பல்லைக் கட்டும் மரபணுக்கள் இயங்கும்.

கரு ஆறு வார வயதில் இருக்கும்போதே, தாடை இருக்கப்போகும் இடத்தின் மேல்தோல் ஒரு கோடாகத் தடிக்கத் தொடங்குகிறது. அந்தக் கோட்டில் அங்கங்கே செல்கள் பெருகி உள்நோக்கிப் புதைந்து மொட்டாகின்றன. ஒவ்வொரு மொட்டும் பிறகு தொப்பி வடிவத்துக்கும், அதன்பின் மணி வடிவத்துக்கும் மாறும். தொப்பிக் கட்டத்தில் அதன் நடுவில் சில செல்கள் நெருக்கமாக ஒட்டி ஒரு முடிச்சாக நிற்கும். இதை எனாமல் முடிச்சு என்கிறார்கள். இந்தச் செல்கள் பெருகுவதில்லை. சுற்றியிருப்பவற்றைப் பெருகச் சொல்லிச் செய்திகளை அனுப்புகின்றன. வேலை முடிந்ததும் தாங்களே அழிந்துபோகின்றன. பல்லின் மேல்முனை எங்கே வர வேண்டும், கடைவாய்ப்பல்லுக்கு எத்தனை மேடு என்பதெல்லாம் இங்கே முடிவாகிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இர்மா தெஸ்லெஃபும் யுக்கா யெர்ன்வாலும் இந்த முடிச்சைத்தான் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள்.

ஈடார் ஏற்பி அதிகமாக இருப்பது இந்த முடிச்சில்தான். அதற்குச் செய்தி கொண்டுவரும் புரதத்தின் பெயர் ஈடிஏ. அது டிஎன்எஃப்-இன் உறவுக்காரப் புரதம். ஈடிஏ இரண்டு வடிவங்களில் உற்பத்தியாகிறது. ஒன்றில் 391 அமினோ அமிலங்கள், மற்றதில் 389. இரண்டே இரண்டு அமினோ அமிலங்கள் குறைந்ததும் அது ஈடாரோடு ஒட்டாமல் வேறொரு ஏற்பியைத் தேடிப் போய்விடுகிறது. இவ்வளவு நுணுக்கமான பொருத்தம் என்பதால் இந்த மரபணுவில் ஓர் எழுத்து பிசகினாலும் பல் மொட்டுகள் தொடங்காமலே நின்றுவிடலாம். அல்லது தொடங்கி, முடிச்சு சிறுத்துப் போய், கூம்பாக முடியலாம்.

பல் மட்டும் இல்லை. முடியின் வேர், வியர்வைச் சுரப்பி இரண்டும் இதே முறையில், மேல்தோல் ஓரிடத்தில் தடித்து உள்ளே புதைவதால் உருவாகின்றன. அங்கும் ஈடாருக்கு வேலை உண்டு. ஆகவே ஈடிஏ இல்லாத பிள்ளைக்குப் பல்லும் முடியும் வியர்வையும் சேர்ந்து குறைகின்றன. மருத்துவத்தில் இதை வியர்வை குன்றிய புறப்படைக் குறைபாடு என்று சொல்லலாம். ஹைப்போஹைட்ரோட்டிக் எக்டோடெர்மல் டிஸ்பிளாசியா என்பது மருத்துவச் சீட்டில் காணும் பெயர்.

இந்த நோய் உலகின் கவனத்துக்கு வந்ததில் நம் துணைக்கண்டத்துக்கு ஓர் இடம் உண்டு. சிந்து மாநிலத்தில் ஓர் இந்துக் குடும்பம். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு மேலும் கீழும் சேர்த்து ஆளுக்குப் பன்னிரண்டு பற்கள்தான். உடலில் முடி மிகக் குறைவு. கோடையில் தோல் வறண்டு தவித்தார்கள். வெடர்பர்ன் என்பவர் அனுப்பிய இந்தத் தகவலை சார்ல்ஸ் டார்வின் 1875-இல் தன் நூல் ஒன்றின் இரண்டாம் பதிப்பில் சேர்த்தார். அந்தக் குடும்பத்தில் பெண்களுக்கு இக்குறை வருவதில்லை, ஆனால் மகள்கள் வழியாகப் பேரன்களுக்குப் போகிறது, தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவதே இல்லை என்று அவர் எழுதினார். மெண்டலின் விதிகள் உலகுக்குத் தெரியவருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே எழுதப்பட்ட குறிப்பு இது. எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் நோயின் அச்சு அசலான விவரம் அதில் இருக்கிறது. 1921-இல் தாதானி என்பவர் சிந்துவின் பல்லில்லாத மனிதர்களைப் பற்றி மரபியல் இதழ் ஒன்றில் எழுதினார். ஈடிஏயின் மரபணு 1996-இல்தான் அடையாளம் காணப்பட்டது. ஏற்பியின் மரபணு 1999-இல்.

பாட்டி சொன்ன மாமாவை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். தாயின் உடன்பிறந்தவருக்கோ தாய்வழித் தாத்தாவுக்கோ பல் குறைவு என்றால், அது ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போகும் விஷயம் இல்லை. மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய தகவல் அதுதான். தாயையும் கவனிக்க வேண்டும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஒவ்வொரு செல்லிலும் அவற்றில் ஒன்று அடங்கிவிடும் என்று 1961-இல் மேரி லயன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் விளக்கினார். எது அடங்கும் என்பது செல்லுக்குச் செல் மாறும். ஆகவே பிசகான மரபணுவைச் சுமக்கும் தாய்க்கு முதுகில் சில பட்டைகளில் வியர்க்கும், சில பட்டைகளில் வியர்க்காது. ஒரு பக்க வெட்டுப்பல் சிறுத்திருக்கும். ஓரிரு பற்கள் முளைத்தே இருக்காது. இதை அவரே குறையாக நினைத்திருக்க மாட்டார்.

எல்லாக் குடும்பத்திலும் எக்ஸ் வழியாகத்தான் வரும் என்று இல்லை. ஈடார் ஏற்பியின் மரபணு இரண்டாம் குரோமோசோமில் இருக்கிறது. ஏற்பியின் வாலில் ஒட்டிச் செய்தியை உள்ளே கடத்தும் ஈடார்-ஆட் புரதத்தின் மரபணு முதலாம் குரோமோசோமில். இவற்றில் பிசகு வரும்போது, பெரும்பாலும் தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிசகான பிரதி வந்து சேர வேண்டும். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுவது நம் காவிரிக்கரையில் இன்றும் நடக்கிறது; இரத்த உறவுத் திருமணம் மிகுந்த இந்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரே பிசகான பிரதி இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்போது பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் ஒரே அளவில் நோய் வரும். இதைச் சொல்வது யாரையும் குற்றவாளியாக்க இல்லை. மரபணு ஆலோசனை கேட்கப் போகும்போது உறவுமுறையை மறைக்காமல் சொன்னால்தான் மருத்துவரால் சரியான மரபணுவைத் தேட முடியும்.

ஈடார் செய்தி கூடினாலும் பல் மாறும் என்பது இன்னொரு சுவையான செய்தி. சீனா, கொரியா, ஜப்பான் மக்களில் மிகப் பலருக்கு இந்த ஏற்பியின் 370-ஆவது இடத்தில் வேலினுக்குப் பதில் அலனின் இருக்கிறது; அதனால் ஏற்பி சற்று வலுவாக வேலை செய்கிறது. அவர்களுடைய மேல் வெட்டுப்பற்களின் உட்புறம் ஓரங்கள் தடித்துக் குழிந்திருப்பதும், முடி தடிமனாக இருப்பதும் இதோடு தொடர்புடையவை. இது நோயே இல்லை.

பல் தாடைக்குள் உருவாகிவிட்டாலும் வெளியே வருவது தனிப் பாடு. மேலே எலும்பு மூடியிருக்கும். அந்த எலும்பைக் கரைத்து வழிவிடும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள், வெள்ளணுக்கள் பிறக்கும் அதே எலும்பு மஜ்ஜைப் பரம்பரையில் பிறப்பவை. அவற்றின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிதான் ராங்க். பல்லைச் சுற்றியுள்ள பை போன்ற திசு, நேரம் வந்ததும் ராங்க்-எல் என்ற செய்திப் புரதத்தை விடும். ராங்கில் அது ஒட்டினால் ஆஸ்டியோகிளாஸ்ட்கள் முதிர்ந்து எலும்பைக் கரைக்கும். இந்த ஜோடியை 1997-இல் நோய் எதிர்ப்புத் துறையினர் டி செல்களிடையே கண்டுபிடித்தார்கள். எலும்பு ஆய்வாளர்கள் வேறு பாதையில் வந்து அதே புரதத்தை அடைந்தார்கள். 1999-இல் டொராண்டோவில் ராங்க்-எல் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது மூன்று குறைகள் ஒன்றாகத் தெரிந்தன. எலும்பு கரையாமல் இறுகிப்போயிருந்தது. பல் தாடைக்குள்ளேயே சிக்கிக் கிடந்தது. நிணநீர் முடிச்சுகள் உருவாகவே இல்லை.

ஈடார், ராங்க், அடுத்து வரப்போகும் டோல் ஏற்பிகள் ஆகிய எல்லாமே தங்கள் செய்தியைக் கடத்த ட்ராஃப்-6 என்ற புரதத்தை நாடுகின்றன. அது இல்லாத எலிக்கு எலும்பு இறுகியது, பல் வெளிவரவில்லை, வியர்வைச் சுரப்பி இல்லை, நிணநீர் முடிச்சு இல்லை, பாக்டீரியா நஞ்சை உணரும் திறனும் குன்றியது. பல்லும் நோய் எதிர்ப்பும் எவ்வளவு தூரம் ஒரே கருவிகளைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதற்கு இந்த எலியை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பல் முளைக்கும்போது ஈறு சிவந்து, உமிழ்நீர் ஒழுகி, உடம்பு லேசாகச் சுடுவது இதனால்தான். அந்த இடத்தில் சிறு அழற்சி நடக்கிறது. ஆனால் அந்தச் சூடு காய்ச்சல் அளவுக்கு ஏறாது. 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சலையும் தண்ணீராகப் போகும் பேதியையும் ‘பல் முளைக்குது, அதான்’ என்று நம் வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதத்திலிருந்து இரண்டரை வயது வரை பல் முளைத்துக்கொண்டேதான் இருக்கும். கிருமித் தொற்று வருவதும் அதே வயதில்தான். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிப்போகும் பிள்ளையை இந்த நம்பிக்கை தாமதமாக மருத்துவமனைக்கு அனுப்புகிறது. இதில் எனக்குச் சமரசம் இல்லை.

கூம்புப் பல்லும் வியர்க்காத உடலும் உள்ள ஆண் பிள்ளைகளில் சிலருக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கும். என்எஃப் கப்பா பி சாதாரண நேரத்தில் ஒரு தடுப்புப் புரதத்தால் கட்டுண்டு உட்கருவுக்கு வெளியே கிடக்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்கும் மூன்று புரதக் கூட்டில் ஒன்று நீமோ. அதன் மரபணுவும் எக்ஸ் குரோமோசோமில்தான். நீமோவில் பிசகு வந்தால் ஈடார் செய்தியும் தடைபடும், கிருமிகளுக்கு எதிரான செய்தியும் தடைபடும். அந்தப் பிள்ளைக்குப் பல் குறைவதோடு நிமோனியா, சீழ்க்கட்டி, காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த தொற்றுகள் என்று அடுத்தடுத்து வரும். 2000, 2001 ஆண்டுகளில்தான் இந்தத் தொடர்பு நிறுவப்பட்டது. ஆகவே கூம்புப் பல்லோடு கடுமையான தொற்றுகளும் திரும்பத் திரும்ப வருமானால், பல் மருத்துவரோடு நிற்காமல் நோய் எதிர்ப்புத் திறனையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

டோல் ஏற்பிகளுக்கு வருகிறேன். 1985-இல் ஜெர்மனியின் டூபிங்கனில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டின் குழு, பழ ஈயின் கருவில் முதுகு எது வயிறு எது என்று பிரிக்கும் மரபணுக்களில் ஒன்றாக டோலை விவரித்தது. 1996-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஜூல்ஸ் ஹாஃப்மனின் குழு, டோல் கெட்டுப்போன ஈக்கள் பூஞ்சைத் தொற்றில் மடிவதைக் கண்டது. உடலை வடிவமைக்கும் ஏற்பியும் கிருமியை எதிர்க்கும் ஏற்பியும் ஒன்றே என்று அப்போது தெரிந்தது. 1998-இல் ப்ரூஸ் பாய்ட்லர் எலியிலும் இதன் இணையைக் காட்டினார். 2011-இல் ஹாஃப்மனும் பாய்ட்லரும் நோபல் பரிசில் பங்குபெற்றார்கள். மனிதரிடம் டோல் வகை ஏற்பிகள் பத்து இருக்கின்றன.

பல்லில் எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினைச் சுரப்பவை ஒடோன்டோபிளாஸ்ட் செல்கள். இவை பல்லின் உட்கூழைச் சுற்றி வரிசையாக நிற்கின்றன. ஆயுள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக டென்டினைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். சொத்தை எனாமலைத் தாண்டி வந்தால் கிருமியை முதலில் சந்திப்பவையும் இவைதான். இவற்றிடம் டோல் 2, டோல் 4 ஏற்பிகள் உண்டு. பாக்டீரியாவின் சுவர்ப் பொருள்களை அவை உணர்ந்ததும் வெள்ளணுக்களை அழைக்கும் புரதங்கள் சுரக்கின்றன. கவனிக்க வேண்டியது அடுத்தது. பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சோதனைக் குடுவையில் வளர்த்த மனித ஒடோன்டோபிளாஸ்ட்களுக்கு பாக்டீரியாச் சுவர்ப் பொருளைக் கொடுத்தபோது, எச்சரிக்கைப் புரதங்கள் கூடின, டென்டின் உண்டாவது குறைந்தது. எச்சரிக்கை ஒலித்துக்கொண்டிருக்கும்போது செல் கட்டுமான வேலையைக் கைவிடுகிறது.

வளர்ந்தவரின் பல்லில் இது பெரிய இழப்பு இல்லை. கட்டி முடித்த பல் அது. பிள்ளையின் வாயில் அப்படி இல்லை. பால் கடைவாய்ப்பல்லின் வேர்களுக்கு நடுவில்தான் அதற்குப் பின் வரப்போகும் நிரந்தரப் பல்லின் மொட்டு உட்கார்ந்திருக்கிறது. பால் பல் சொத்தையாகி, கூழ் அழுகி, வேர் நுனியில் சீழ் கட்டினால் அந்த அழற்சி கீழே இருக்கும் மொட்டின்மேல் இறங்கும். எனாமலைச் சுரக்கும் செல்கள் அப்போது வேலையில் இருந்தால் அந்த அளவுக்கு எனாமல் குறைபட்டுப்போகும். சில வருடம் கழித்து வரும் நிரந்தரப் பல்லில் பழுப்புத் திட்டும் குழியும் தெரியும். டர்னர் பல் என்று பல் மருத்துவர்கள் இதைச் சொல்வார்கள். எனாமலைச் சுரக்கும் செல்கள் பல் வெளியே வரும்போதே இல்லாமல் போய்விடுவதால் அந்தக் குறையை உடல் தானாகச் சரிசெய்யாது. ‘பால் பல்தானே, விழப்போகிற பல்தானே’ என்று ராத்திரிப் பாட்டில் பாலோடு தூங்கவைத்த பிள்ளையின் சொத்தையை விட்டுவைக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் ஆறு வயதில் வருகிறது. எந்தப் பல்லும் விழாமல், பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைப்பதால் பலர் அதையும் பால் பல் என்றே நினைக்கிறார்கள். முளைத்த பிறகும் அதன் வேர் வளர்ந்து முடிய ஒன்பது பத்து வயதாகும். அதற்குள் சொத்தை கூழைக் கொன்றுவிட்டால் வேர் பாதியில் நின்று, சுவர் மெலிந்து, நுனி திறந்தே இருந்துவிடும். ஆறு வயதுப் பிள்ளையின் கடைசிப் பல்லை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தால் போதும், பள்ளத்தில் கறுப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இனி வியர்க்காத பிள்ளையின் கோடை. காவிரி மணலாகக் கிடக்கும் மே மாதத்தில் திருச்சியின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். நம் உடல் அந்த வெயிலைத் தாங்குவது வியர்வை உலர்வதால்தான். வியர்வைச் சுரப்பி இல்லாத பிள்ளையின் உடல் வெப்பம் வெளிவெப்பத்தோடு சேர்ந்து ஏறும். வலிப்பு வரலாம், மூளை பாதிக்கப்படலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மூளை தானாகக் கூட்டிய காய்ச்சல் இது இல்லை என்பதால் பாராசிட்டமாலுக்கு இதில் வேலை இல்லை. வியர்வைக்குப் பதிலாக நாம் வெளியிலிருந்து தண்ணீர் கொடுக்க வேண்டும்: நனைத்துப் பிழிந்த பருத்தி பனியன், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், மின்விசிறிக் காற்று. சென்னையை விடத் திருச்சியின் கோடைக் காற்று உலர்ந்தது என்பதால் ஈரத் துணி இங்கே வேகமாகக் குளிர்ச்சி தரும். தகரக் கூரை போட்ட வகுப்பில் இந்தப் பிள்ளையை உட்கார வைக்கக் கூடாது; வெயில் நேர விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு வேண்டும். கேட்காமலே தண்ணீர் குடிக்க அனுமதி வேண்டும். ஆசிரியரிடம் மருத்துவரின் கடிதத்தோடு பேசிவிடுவது நல்லது. திருவரங்கத்தில் சித்திரைத் தேருக்கு இந்தப் பிள்ளையை அழைத்துப் போகக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஈர பனியனோடு விடிகாலையில் வடம் பிடிக்கும்போது காட்டிவிட்டு, கல் தரை கொதிக்கும் முன் வீட்டுக்கு வந்துவிடலாம்.

பல் விஷயத்தில் காத்திருப்பது தவறு. மூன்று நான்கு வயதிலேயே சிறு பல்செட் போடலாம். தாடை வளர வளர மாற்றிக்கொண்டே வர வேண்டும். பல் இல்லாத இடத்தில் அதைத் தாங்கும் எலும்பு மேடு வளர்வதில்லை. முகத்தின் கீழ்ப்பகுதி சுருங்கி, பேச்சும் தெளிவிழக்கும். சாப்பிடுவதும் பள்ளியில் சிரிப்பதும் பல்செட்டால் எளிதாகின்றன. எத்தனை மொட்டுகள் இருக்கின்றன என்று தாடை முழுவதையும் காட்டும் ஒரு எக்ஸ்ரே சொல்லிவிடும். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய கார்யக்ரம் நடமாடும் குழு, பல் குறைகளையும் பார்க்கக் கடமைப்பட்டது. 2013 முதல் இந்தத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. புத்தூர் அரசு மருத்துவமனை போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அந்தக் குழுவே பரிந்துரைக் கடிதம் தரலாம்.

குணப்படுத்த முடியுமா என்ற கேள்விக்கு, எக்ஸ் வழியாக வரும் வகையில் மட்டும் நம்பிக்கையான பதில் ஒன்று உருவாகி வருகிறது. அங்கே ஏற்பி நன்றாக இருக்கிறது. அதற்கு வர வேண்டிய ஈடிஏதான் இல்லை. சுவிட்சர்லாந்தின் லோசானில் பாஸ்கல் ஷ்னைடர் குழு செயற்கை ஈடிஏயை உருவாக்கி, 2003-இல் கருவுற்ற எலிக்குச் செலுத்தியபோது குட்டிகள் ஏறத்தாழ நலமாகப் பிறந்தன. மனிதரில் பிறந்த பிறகு கொடுத்துப் பார்த்தார்கள்; பலன் கிடைக்கவில்லை. மொட்டுகள் உருவாகும் காலம் கடந்துவிட்டிருந்தது. பிறகு ஜெர்மனியின் எர்லாங்கனில் ஹோல்ம் ஷ்னைடர், தாயின் வயிற்றில் இருக்கும்போதே பனிக்குட நீரில் மருந்தைச் செலுத்தினார். இரட்டையர் இருவருக்கும் இன்னொரு ஆண் பிள்ளைக்கும் வியர்வை இயல்பாக வந்ததை 2018-இல் வெளியிட்டார்கள். அதன்பின் அந்த மருந்தின் சோதனை பல நாடுகளில் தொடங்கப்பட்டது. கருவின் தாடையில் பல் மொட்டுகளை ஸ்கேனில் எண்ணியே எர்லாங்கனில் நோயைக் கணிக்கிறார்கள்.

இந்த வாய்ப்பு யாருக்குப் பயன்படும்? குடும்பத்தில் எந்த மரபணுவில் எந்தப் பிசகு என்று முன்னமே தெரிந்திருப்பவர்களுக்குத்தான். வயிற்றுப் பிள்ளைக்கு என்ன தேட வேண்டும் என்று முதல் பிள்ளையின் இரத்தம்தான் சொல்லும். நம் நாட்டின் சட்டமும் எக்ஸ் வழி நோய்களுக்கான கருப் பரிசோதனையைப் பதிவு பெற்ற மையங்களில் அனுமதிக்கிறது. எனவே கூம்புப் பல்லோடு ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில், அந்தப் பிள்ளைக்கும் தாய்க்கும் மரபணுப் பரிசோதனையை அடுத்த கர்ப்பம் தரிக்கும் முன்பே செய்து, முடிவை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தாயின் சகோதரிகளுக்கும் அதன் ஒரு நகலைக் கொடுங்கள்; அதே மரபணுவை அவர்களும் சுமந்துகொண்டிருக்கலாம்.